“அடச் செவிடே!” போதாது

கேள்வி: அறிவியல் புனைகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் வேற்றுக்கிரகவாசிகளுக்குக் கண் கிடையாது. குரல் எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்தே எல்லாவற்றையும் அறிவார்கள். “காதை மூடிக்கொண்டு நம்பினேன்”, “அடச் செவிடே!” என்றெல்லாம் அவர்களைப் பேசவைத்தேன். படித்த தோழி சிரித்துவிட்டாள். என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தோழி சிரித்ததில் தப்பில்லை. கண்ணை அழித்துவிட்டு அந்த இடத்தில் காது என்று எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். தவிர, ‘செவிடு’ இங்கேயே பலரை நோகடிக்கும் சொல். அதை இன்னொரு கிரகம் வரை சுமந்துபோவானேன்?

நம் வசவுகளையே பாருங்கள். ஜால்ரா, தம்பட்டம், ஒத்து ஊதுகிறவன். கண்ணிருக்கும் நாமே ஒலியை வைத்துத்தான் இத்தனை திட்டுகிறோம்! நாகசுரக் கச்சேரியில் ஒத்துக்காரர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டே இருப்பார். (பாவம், சுருதி சேர்ப்பவருக்கு இந்தப் பெயர்.) கச்சேரி கேட்டுப் பழகிய ஊரில் பிறந்த வசவு அது. உங்கள் ஆட்களுக்கும் ஒரு ஊர் வேண்டும். அங்கே எது கேவலம், எதற்குப் பயம் என்று முதலில் தெரிய வேண்டும்.

அதற்கு வௌவாலைக் கவனித்தால் போதும். வௌவால் ‘பார்க்க’ வேண்டுமென்றால் கத்தியாக வேண்டும். அதாவது, பார்ப்பதே ஊருக்குக் கேட்கும். உங்கள் கிரகத்தில் ஒருத்தியைத் திருட்டுத்தனமாக உற்றுப் பார்க்கவே முடியாது! பூச்சியை நெருங்க நெருங்க வௌவாலின் குரல் வேகமெடுத்து, வினாடிக்கு 150 முறைக்கு மேல்கூடப் போகும். அதை ஒட்டுக்கேட்டு, இரை எங்கே என்று தெரிந்துகொண்டு வந்து சேரும் வேறு வௌவால்களும் உண்டு. சொந்தத் தொண்டையைச் செலவழிக்காமல் அடுத்தவர் எதிரொலியில் பிழைப்பவர்கள்! ‘ஓசிக்காது’ என்று ஒரு வசவு வைத்துப் பாருங்கள். அப்புறம், மெக்சிகோ வால்வௌவால்கள் இரைக்குப் போட்டி போடும்போது, எதிராளி பாயும் நேரம் பார்த்துக் குறுக்கே ஒரு ஒலியை விட்டுக் குழப்புகின்றன. எதிராளி இரையைத் தவறவிடுகிறது. 2014இல் வெளியான ஆய்வு இது. உங்கள் ஊரில் இதைவிட அயோக்கியத்தனம் இருக்குமா? ‘குறுக்கே கூவி’ என்றால் கைகலப்பே வர வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது சுவர் சமாசாரம். செங்குத்தான வழவழப்புச் சுவரில் வௌவால்கள் மோதிக்கொள்வதை 2017இல் காட்டினார்கள். சாய்வாக வரும் ஒலியை அந்தச் சுவர் வேறு பக்கம் தெறிக்கவிடும். எதிரொலி திரும்பாததால் வௌவாலுக்கு அது திறந்த வழியாகவே படும். நாம் வழவழவென்று பேசுகிறவனைச் சந்தேகிப்பதைப் போல, அவர்களுக்கு நம்பிக்கைத் துரோகி ‘வழவழச் சுவர்’. “போக வழி இருக்கென்று நினைத்தேனே, நீ வழவழச் சுவரா?” என்று கதாநாயகி ஒரே ஒரு முறை சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம்.

பஞ்சு, பாசி போன்றவை ஒலியை விழுங்கும். நமக்கு மெத்தென்று இருப்பது அவர்களுக்கு இருட்டு. ஆகவே அங்கே ‘பஞ்சு மாதிரி மனசு’ பாராட்டு ஆகாது.

தூரத்தையும் விடாதீர்கள். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். குரல் போய்த் திரும்ப வேண்டுமே! அந்தக் கணக்கில், 170 மீட்டர் தள்ளியிருக்கும் மரம் தெரிய ஒரு வினாடி ஆகும். நம் ‘கூப்பிடு தூரம்’ அவர்களுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம். காலங்கடந்து பேசுகிறவனை ‘தூரத்து எதிரொலி’ என்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே அத்தியாயத்தில் கொட்டிவிடாதீர்கள். இரண்டு வசவு, ஒரு பழமொழி போதும். அதிலும் ஒன்று தேய்ந்துபோனதாக இருக்கட்டும். ஜால்ரா என்று திட்டும்போது நமக்குத் தாளக்கருவி நினைவுக்கு வருவதில்லையே. முதலில் சண்டைக் காட்சியை விட்டுவிட்டு, ஒரு அம்மா பிள்ளையைக் கண்டிப்பதை எழுதிப் பாருங்கள். “பெரியவங்க வீட்டு வாசல்ல சத்தமில்லாம நிக்காதே. கூவிட்டு உள்ளே போ!”