நிலம் கேட்கப் போன பெண்

கேள்வி: வெளிநாட்டில் குடியேறும் முஸ்லிம்கள், நாலு பேர் சேர்ந்ததுமே பள்ளிவாசல் கட்டிவிடுகிறார்களே! அந்த நாட்டு மக்களோடு ஒட்டாமல் ஒதுங்கிப் போக இதுவே காரணம் ஆகாதா?

பதில்: நாலு பேர் சேர்ந்ததும் கட்டிவிட முடியாது ஐயா. பல வருடங்கள் யார் வீட்டு ஹாலிலோ, வாடகை மாடியிலோதான் தொழுகை நடக்கும். கட்டடப் பேச்சு சூடு பிடிப்பது பெரும்பாலும் ஒரு மௌத்துக்கு, அதாவது மரணத்துக்கு, அப்புறம்தான். இறந்தவர் உடலை எங்கே குளிப்பாட்டுவது, அவருக்கான ஜனாஸா தொழுகைக்கு யாரைக் கூப்பிடுவது, எங்கே அடக்குவது? சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்று இருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. பள்ளிவாசலுக்குக் காசு போடுகிறவர் அங்கேயே இருக்கப் போகிறவர்.

கனடாவின் முதல் பள்ளிவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்மன்டனில் 1938-ல் திறக்கப்பட்ட அல் ரஷீத். லெபனானிலிருந்து வந்து குடியேறிய ஹில்வி ஹம்தான் என்ற பெண்மணி, இன்னும் சில பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே மேயரிடம் போய் நிலம் கேட்டார். முதலில் கட்டடத்துக்குப் பணம் திரட்டுங்கள் என்றார் மேயர். பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கொடுத்தவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, யூதர்களும் உண்டு. கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் உக்ரைன் வம்சாவளி. அவர் கைக்குப் பழகியது அவர்கள் தேவாலயப் பாணி. பள்ளிவாசலும் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டது! அதன் படத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ஒதுங்கிப் போக நினைத்தவர்கள் இத்தனை பேர் வாசல்படி ஏறியிருப்பார்களா?

சரி, உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஜெர்மனியில் பல பள்ளிவாசல்களுக்குத் தொழுகை நடத்தும் இமாம்களைத் துருக்கி அரசே அனுப்பி வந்தது. சில வருடம் இருப்பார்கள், திரும்பிவிடுவார்கள். துருக்கியிலிருந்து வந்த தாத்தாவுக்குத் துருக்கி மொழியில் குத்பா, அதாவது வெள்ளிக்கிழமைத் தொழுகை உரை, கேட்பது ஆறுதல். அங்கேயே பிறந்த பேரனின் பள்ளிக்கூடம், வேலை, சண்டை, காதல் எல்லாம் ஜெர்மன் மொழியில். அதைப் பற்றி அந்த இமாமிடம் என்ன கேட்பான்? இனி இமாம்களை ஜெர்மனியிலேயே பயிற்றுவித்து, அனுப்புவதைப் படிப்படியாகக் குறைப்பது என்று 2023 டிசம்பரில்தான் முடிவானது. ரொம்பத் தாமதம் என்பேன்.

அதற்காகத் தாய்மொழியையே விட்டுவிட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-ல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் இன்றும் தமிழில் குத்பா உண்டு. பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். அங்கே தொழுகிறவர்களைப் பார்த்து நீங்கள் சிங்கப்பூரர்தானா என்று யாராவது கேட்பார்களா?

கேள்வி: அங்கெல்லாம் பெண்களும் பள்ளிவாசலுக்கு வருவார்களா?

பதில்: நாட்டுக்கு நாடு, ஏன், தெருவுக்குத் தெருகூட மாறும். வட அமெரிக்காவில் இது சகஜம். இங்கிலாந்தில் பெண்களுக்கு இடமே ஒதுக்காத பள்ளிவாசல்கள் இன்றும் இருக்கின்றன. கேட்டால் இடநெருக்கடி என்பார்கள். அந்த நெருக்கடி ஆண்கள் பக்கம் மட்டும் வருவதே இல்லை!