ஒரு பழைய கொட்டன் சாறியில் இரண்டு யன்னலுக்குச் சீலை

கடையில் விற்கிற யன்னல் சீலை விலை கட்டுப்படியாகவில்லை, மிசினும் இல்லை, தையலும் அவ்வளவாகத் தெரியாது, வீட்டிலேயே குறைந்த செலவில் தைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் கையாலேயே தைத்திருக்கிறேன்.

இந்த நிலைமையில் யன்னல் சீலை ஒரு கேடா என்று கேட்கிறவர்கள் உங்களைச் சுற்றியும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்களையும் கேட்டார்கள். நாங்கள் இலங்கையில் வன்னி, விசுவமடுப் பக்கம். 2009இல் போரில் இடம்பெயர்ந்து முகாமில் ஒரே கூடாரத்துக்குள் இரண்டு குடும்பங்கள் இருந்தோம். நடுவில் அம்மாவின் சாறி ஒன்றைக் கட்டி, அதற்குப் பின்னால் நின்றுதான் உடுப்பு மாற்றுவோம். ஊருக்குத் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்த பிறகு இந்திய அரசு உதவிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. 550,000 ரூபா, கட்டம் கட்டமாகத் தந்தார்கள். உதவியைக் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் எங்களுக்குக் கல்வீடே இல்லை. ஆனால் மணல், சீமெந்து, மேசன் கூலி எல்லாம் போக, யன்னலுக்கு நிலை வைத்ததோடு காசு முடிந்துவிட்டது. கதவு போடவில்லை. அம்மா, நான், தங்கச்சி, மூன்று பெண்கள். றோட்டுப் பக்கம் இரண்டு யன்னல். இரவில் விளக்கைக் கொளுத்தினால் நாங்கள் சாப்பிடுவது, படுப்பது எல்லாம் வெளியே தெரியும். அந்த வீட்டில் சீலைதான் யன்னல் கதவு. அதனால் இதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது.

சரி, தைக்கிற விஷயம். புடவைக்கடைக்குப் போகமுதல் அலுமாரியைப் பாருங்கள். பழைய கொட்டன் சாறி ஒன்று போதும். பலமுறை தோய்த்தது, இனிச் சுருங்காது. புதுக் கொட்டன் துணி என்றால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்ட பிறகுதான் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலிலேயே கட்டையாகிவிடும்.

எங்கள் யன்னல் 4 அடி உயரம், 3 அடி அகலம். உயரத்துக்கு 48 அங்குலம். மேலே கம்பி நுழைய அரை அங்குலம் மடித்து, பிறகு 2 அங்குலம் மடிக்கவேண்டும். கீழே அரை அங்குலம், பிறகு 3 அங்குலம். எல்லாம் சேர்ந்து 54. சாறி 6 யார், அதாவது 216 அங்குலம். குறுக்கே வெட்டினால் சரியாக 4 துண்டு, யன்னலுக்கு இரண்டாக இரண்டு யன்னலுக்குக் காணும். பழைய சாறி கொஞ்சம் குறைவாக இருந்தால் கீழ் மடிப்பில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுங்கள். இப்படி வெட்டும்போது சாறியின் கரைகள் இரண்டு பக்கத்திலும் நேராக நிற்கும். கரை பிரியாது, ஆகவே பக்கம் தைக்கிற வேலையே இல்லை. மேலும் கீழும் மட்டும் தைத்தால் சரி.

துண்டு ஒன்றோடு நிறுத்தலாமே என்று நினைக்காதீர்கள். சாறி அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். அதை 36 அங்குல யன்னலுக்குப் போட்டால் சுருக்கு விழாது, காற்றடித்தால் ஓரம் விலகும். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் புழுதி சொல்லி முடியாது. கீழ் மடிப்பை அகலமாக வைக்கச் சொல்வதும் அதற்காகத்தான், பாரம் இருந்தால் பறக்காது.

கீழ்ப்பக்கத்துக்குச் சாதாரண நூலோட்டம் போதும், ஊசியை மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டு நேரே முன்னால் போவது. கம்பி நுழைகிற மடிப்புக்கு மட்டும் இரட்டை நூலில் பின்தையல் போடுங்கள், ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி எடுப்பது. சீலையின் பாரம் முழுக்க அங்கேதான். நான் முதல் துண்டுக்கு நூலோட்டம் போட்டேன், இரண்டு மாதத்தில் அறுந்துபோனது. ஸ்பிரிங் கம்பியை நிலையின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் குறைத்து வெட்டினால் இறுகி நிற்கும். எங்களுக்குச் செலவு கம்பி, கொளுக்கி, ஒரு நூல்கட்டை மட்டும்.

முறையாகத் தையல் படித்தவர்களுக்கு இதில் பிழை தெரியலாம். மிசின் தையல் இதைவிட நேராக இருக்கும், பொலியெஸ்டர் சாயம் போகாது என்பார்கள். உண்மைதான். ஆனால் விறகு அடுப்புப் பக்கத்து யன்னலுக்குப் பொலியெஸ்டர் போடாதீர்கள், நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும்.

மிசின் என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிறகு நான் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் கடன் எடுத்துத்தான் மிசின் வாங்கினேன். கிழமைக்குக் கிழமை கட்டவேண்டும். ஒரு கிழமை தவறியதற்கு, அறவிட வந்தவர் கதவைத் தட்டவில்லை. வெளியே நின்று, நான் தைத்த அதே சீலையைக் கையால் விலக்கி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். தங்கச்சி படுத்திருந்தாள். அந்தக் கடனைக் கட்டி முடித்துவிட்டேன், அந்தக் கையை மறக்கவில்லை. மிசினுக்காகக் கடன் எடுக்க யோசிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். ஒரு துண்டுக்கு ஒரு பின்னேரம், நான்கு பின்னேரம் கையால் தைத்தால் முடிந்துவிடும்.

அப்புறம், நான்கில் ஒரு துண்டு முந்தானையாக வரும், மற்றதோடு பொருந்தாது. நான் அதைப் பின்பக்க யன்னலில் ஒளிக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை. றோட்டுப் பக்கமே போடு, நல்ல பக்கம் வெளியே தெரியட்டும் என்றார். அங்கேதான் தொங்குகிறது.