கண்டிச்சீமையில் வேர் தேடுவோர்: கேள்வி பதில்

கண்டிச்சீமை என்று நம் ஆட்கள் சொன்னது இலங்கை மலையகத்தின் தோட்டங்களை. 1964-இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கிருந்து இந்தியா வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகள் இவை. அரசுக் காகிதங்களில் இவர்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'.

கே: தாத்தா குடும்பம் எழுபதுகளில் கோத்தகிரி வந்தது. கையில் இருப்பது தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை மட்டும். எங்கே தொடங்குவது?

ப: பாட்டியிடம் தொடங்குங்கள், அட்டை அப்புறம். தோட்டத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேல்கணக்கா கீழ்க்கணக்கா, ஆட்களை மேய்த்த பெரிய கங்காணி யார் என்று கேளுங்கள். நம் ஆட்கள் வாயில் இருந்த தோட்டப் பெயர் ஒன்று, காகிதத்தில் ஏறிய ஆங்கிலப் பெயர் இன்னொன்று. இரண்டும் பொருந்திய பிறகுதான் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்க முடியும். ஆள் பெயரை மட்டும் நம்பாதீர்கள். என் அத்தை வீராயி, சான்றிதழில் 'வீரை'. தகப்பன் பெயரும் தோட்டமும் ஒத்துப்போனதால்தான் அவள் என்று தெரிந்தது.

கே: அட்டை மடிப்பில் கிழிகிறது. லேமினேட் செய்யலாமா?

ப: கூடாது. சூட்டில் மை கெடும், ஒட்டினால் பிரிக்க வராது. இரண்டு பக்கமும் படமெடுத்து, காகித உறையில் வையுங்கள்.

கே: தாத்தா 1968-இல் தனுஷ்கோடியில் இறங்கினாராம்.

ப: இருக்காது. 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடித் துறை போய்விட்டது. அப்புறம் தலைமன்னார் கப்பல் வந்தது ராமேஸ்வரத்துக்கு. முன்னோர் போன வழியும் தாத்தா வந்த வழியும் வீட்டுப் பேச்சில் கலந்திருக்கும். திரும்பக் கேளுங்கள், இரண்டு பயணங்கள் கிடைக்கலாம்.

கே: 'தாயகம் திரும்பியோர்' என்கிறீர்களே, மலையகத்து ஹட்டனில் பிறந்த என் பாட்டி எந்தத் தாயகத்துக்குத் திரும்பினாள்? அகதி என்று எழுதுங்கள்.

ப: உங்கள் கோபம் நியாயம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் பிரித்துக்கொண்டன. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். ஆனால் பாட்டி இந்தியப் பிரஜையாக வந்தவள். 1983-க்குப் பிறகு வந்தவர்களின் அகதி முகாம் பதிவில் அவளைத் தேடினால் நாள்தான் வீணாகும்.

கே: என் அப்பா விண்ணப்பித்துத்தான் வந்தார். யாரும் துரத்தவில்லை.

ப: விண்ணப்பித்தவர்கள் நிறைய. பிறந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லாதவர் போட்ட விண்ணப்பம் அது. விருப்பம் என்று அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அலுவலகத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்ற அவர்கள் சொல்லைச் சொல்லித் தேடுங்கள். வீட்டு வரலாற்றில், மேலே கேட்டவரின் பாட்டி என்றால் 'ஹட்டனில் பிறந்தாள், அனுப்பப்பட்டாள்' என்று எழுதுங்கள்.

கே: மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை பற்றி எங்கே தேடுவது?

ப: 'நூலகம்' இணையத் தளத்தில். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர், இலங்கை நாடாளுமன்றப் பதிவுகளையும் பாருங்கள்.

கே: பழைய பாஸ்போர்ட்டை லேமினேட் செய்ய நல்ல கடை எது?

ப: செய்யாதீர்கள். மேலே சொல்லிவிட்டேன்.

கே: பாட்டிக்கு 88 வயது. அந்தக் காலத்தைப் பேசவே மாட்டேன் என்கிறார்.

ப: கப்பலைப் பற்றிக் கேட்காதீர்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எத்தனை காம்பரா (அறை), வாசலில் நின்றால் எதிரே என்ன தெரியும், கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் நடை என்று கேளுங்கள். இந்த வாரமே போங்கள் தம்பி.