அரை மில்லிமீட்டர்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒட்டகச்சிவிங்கிப் படம் வரைந்து, எட்டி எட்டித் தின்றதால் கழுத்து நீண்டது என்று லாமார்க் சொன்னார், அது தப்பு. நீண்ட கழுத்துள்ளவை பிழைத்தன என்றார் டார்வின், அதுதான் சரி என்று நடத்தினேன். ஒரு மாணவி எழுந்து, “இதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா மிஸ்?” என்றாள். லட்சக்கணக்கான வருடம் ஆகும், பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை. “முதலில் உடம்பு மாறுமா, பழக்கம் மாறுமா?” என்று கேட்டாள். இரண்டு கேள்விக்கும் நீங்கள் பதில் எழுத வேண்டும்.

எஸ்., தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

பார்த்திருக்கிறார்கள். வெர்னியர் அளவியால் அளந்தும் வைத்திருக்கிறார்கள். டார்வினேகூட இது மனித ஆயுளுக்குள் கண்ணில் படுகிற வேகத்தில் நடக்காது என்றுதான் நினைத்தார். அதனால் நீங்கள் சொன்ன பதிலை நினைத்துச் சங்கடப்பட வேண்டாம்.

ஒட்டகச்சிவிங்கியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். அந்தக் கழுத்து எதற்காக நீண்டது என்பதிலேயே வழக்கு இன்னும் தீரவில்லை. உயரத்து இலைக்காக என்பார்கள் சிலர். ஆண்கள் கழுத்தை வீசிச் சண்டை போடுவதற்காக என்பார்கள் வேறு சிலர். வகுப்புக்கு அதைவிட நல்ல உதாரணம் பசிபிக் கடலில், கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது.

டாஃப்னி மேஜர் அங்கே உள்ள ஒரு சின்ன எரிமலைத் தீவு. அரை சதுர கிலோமீட்டர்கூட வராது. குடிநீர் இல்லை, குடியிருப்பும் இல்லை. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973 முதல் வருடா வருடம் அங்கே போய்த் தங்கினார்கள். டார்வின் பெயரால் ‘டார்வின் குருவிகள்’ எனப்படும் அந்தத் தீவுக்கூட்டத்துச் சிறு பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து விட்டுவிடுவார்கள். கொஞ்ச காலத்தில் தீவிலுள்ள குருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர்களிடம் கணக்கு இருந்தது.

அந்தத் தீவில் முளைக்கும் செடிகளில் ஒன்று நம்மூர் நெருஞ்சிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம். காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் முள், உள்ளே கெட்டியான அறைகளில் சில விதைகள். டார்வின் குருவிகளில் ஒரு வகையான நடுத்தர அளவுத் தரைக்குருவி இதை உடைத்துத் தின்னப் பார்க்கும். துண்டின் மூலையைப் பிய்த்து ஒன்றிரண்டு விதையை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டுவிடும். அதையும் எல்லாக் குருவியாலும் செய்ய முடியாது. பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணிப்பக்கம் தடித்த, கெட்டியான வெட்டியில்தான் கொட்டைப்பாக்கு உடையும். அலகும் அப்படித்தான், அடிப்பக்கம் மேலிருந்து கீழாக எவ்வளவு தடிமன் இருக்கிறதோ, அவ்வளவு அழுத்தம் தாங்கும்.

1977இல் மழை பொய்த்தது. அந்தப் பருவம் முழுக்க டாஃப்னியில் பெய்தது சுமார் 24 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு மாலை நேர மழைக்கே அவ்வளவு பெய்துவிடும். செடிகள் விதை விடவில்லை, குருவிகள் குஞ்சு பொரிக்கவில்லை. முதலில் சின்ன, மெத்தென்ற விதைகள் தீர்ந்தன. மிஞ்சியவை பெரியவையும் கெட்டியானவையும். சின்ன அலகுள்ளவற்றுக்குத் தின்ன எதுவும் அகப்படவில்லை. நடுத்தரத் தரைக்குருவிகளில் நூற்றுக்கு 85 செத்துப்போயின. பிழைத்தவற்றின் அலகுத் தடிமனைச் சராசரி பார்த்தால், வறட்சிக்கு முன்பிருந்த கூட்டத்தின் சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அதிகம்.

இங்கே வகுப்பை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பிள்ளைகளில் பாதிப்பேர், கெட்டி விதையைத் தின்று தின்று அலகு தடித்துவிட்டது என்றுதான் புரிந்துகொள்வார்கள். லாமார்க் நம் எல்லோருக்குள்ளும் அவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறார். எந்தக் குருவிக்கும் அலகு வளரவில்லை. 1976இல் அளந்த குருவியை 1978இல் பிடித்தாலும் அதே அலகுதான். மாறியது கூட்டத்தின் சராசரி. அது மாறியது சாவினால். பள்ளிக்கூடத்தில் “தகவமைத்துக்கொண்டது” என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம்! அதற்குள் இத்தனை பட்டினிச் சாவு இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பிழைத்தவற்றுக்குப் பிறந்த குஞ்சுகள் வளர்ந்ததும் அவற்றையும் அளந்தார்கள். பெற்றோரின் தடித்த அலகு பிள்ளைகளிடமும் இருந்தது. அலகின் அளவு மரபு வழியாக இறங்குவது என்பதால்தான் இது பரிணாமம் ஆகிறது. இல்லாவிட்டால் ஒரு வருடத்துப் பஞ்சக் கதையோடு முடிந்திருக்கும்.

அப்படியானால் அலகு தடித்துக்கொண்டே போக வேண்டுமே? போகவில்லை. 1983இல் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி மழையைக் கொண்டுவரும் நிகழ்வு) வந்து 1,300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. கொடிகள் தீவையே மூடின. எங்கு பார்த்தாலும் சின்ன விதைகள். அடுத்து வந்த வறட்சியில் சின்ன அலகுக்காரர்கள் தாக்குப்பிடித்தார்கள். இதற்கிடையே 1982இல் பெரிய தரைக்குருவி என்ற வேறோர் இனம் அங்கே வந்து குடியேறியிருந்தது. அவை நெருஞ்சியைச் சுலபமாக நொறுக்கித் தின்று தீர்த்துவிடும். அதனால் 2004, 2005 வறட்சியில், 1977இல் பிழைத்த அதே வகைத் தடித்த அலகுகள்தான் அதிகம் செத்தன. பரிணாமத்தை மேலே ஏறுகிற படிக்கட்டாக வரையும் படங்கள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் மாணவி கேட்டது உண்மையிலேயே பெரிய கேள்வி. இரண்டு விதமாகவும் நடக்கிறது.

பழக்கம் முந்துவதற்கு அதே தீவுகளில் மரங்கொத்திக் குருவி இருக்கிறது. நம்மூர் மரங்கொத்திக்கு மண்டையோட்டைப் பின்பக்கமாகச் சுற்றி வரும் எலும்புத் தாங்கலோடு நீண்ட நாக்கு உண்டு. பொந்துக்குள் விட்டுப் புழுவை இழுத்துவிடும். இந்தக் குருவிக்கு அந்த நாக்கு கிடையாது. கள்ளி முள்ளையோ குச்சியையோ அலகில் பிடித்துக் குத்திப் புழுவை வெளியே எடுக்கிறது. உலர்ந்த பகுதிகளில், இரை கிடைக்காத காலத்தில்தான் இதை அதிகம் செய்கிறது. உடம்பில் இல்லாததைப் பழக்கத்தால் ஈடுகட்டுகிறது. வுல்ஃப் தீவில் இன்னொரு குருவி கடற்பறவைகளின் இறகடியைக் கொத்தி ரத்தம் குடிக்கிறது. அவற்றின் மேலிருந்த பூச்சிகளைப் பொறுக்கித் தின்ற பழக்கம்தான் அங்கே கொண்டுபோய் விட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

உடம்பு முந்திக்கொண்டு பழக்கத்தை மாற்றுவதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பாட்டு. ஜெஃப் போடோஸ் என்ற ஆய்வாளர் 2001இல் இதைக் காட்டினார். வலுவாகக் கடிக்கும் அலகை வேகமாகத் திறந்து மூட முடியாது. ஆகவே பெரிய அலகுக் குருவியின் பாட்டில் வேகமான அசைவுகள் குறைவு, சுருதியின் வீச்சும் குறைவு. பாட்டைக் கேட்டுத்தான் பெட்டை ஜோடியைத் தேர்ந்தெடுக்கிறது. விதைக்காகச் சல்லடையிட்டுத் தேர்ந்த அலகு, யார் யாரோடு சேர்வது என்பதிலும் தலையிடுகிறது. இப்படி ஒரு வேலை அலகுக்கு வந்து சேரும் என்று யாரும் திட்டம் போட்டிருக்க முடியாது.

வகுப்புக்கு நெருஞ்சிக்காய் கொஞ்சம் கொண்டுபோங்கள். பிள்ளைகள் அளக்கட்டும், குறட்டால் நசுக்கிப் பார்க்கட்டும். அப்புறம் செடியின் பக்கமும் ஒரு கேள்வி கேளுங்கள்: குருவியால் உடைக்க முடியாத காய்தானே முளைக்கும், அப்படியென்றால் காய்க்கு என்ன ஆகும்? கலாபகஸில் அதையும் பார்த்திருக்கிறார்கள். பெரிய, முள் நீண்ட துண்டுகளே குருவிகளிடமிருந்து அதிகம் தப்புகின்றன.