ஆற்றோரம் போகும் பென்டிரைவ்: அமேசான் காவல் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

செயற்கைக்கோள் படங்களில் காட்டிழப்பைக் கணக்கெடுப்பது என் வேலை. அமேசான் பழங்குடிகள் கருவிகளைக் கொண்டு காடு காப்பதைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

இணையம் இல்லாத ஊருக்குச் செயற்கைக்கோள் எச்சரிக்கை எப்படிப் போகும்?

படகில்தான். கேலி இல்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் 30 மீட்டர் கட்டம் ஒன்றில் மரங்கள் காணாமல் போனால், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் 'கிளாட்' முறை அங்கே ஒரு புள்ளி வைக்கும். பெருவின் லொரெத்தோவில் அந்தப் புள்ளிகளைப் பென்டிரைவில் போட்டு மாதாமாதம் ஆற்றுவழியே கொண்டுபோனார்கள். ஊர்க் காவலர்கள் அதைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு, அந்த இடத்துக்கே நடந்துபோய்ப் படம் எடுத்து வந்து ஊர்க்கூட்டத்தில் வைப்பார்கள். வெட்டியது உள்ளூர்க்காரரா, வெளியாளா? பேசித் தீர்ப்பதா, விரட்டுவதா, அதிகாரிகளிடம் போவதா? இதையெல்லாம் கூட்டம்தான் முடிவு செய்யும். கருவியின் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எந்த ட்ரோன் நல்லது?

ட்ரோன் ஓட்டுபவர்களைக் கேளுங்கள்.

அங்கே பாதி வருஷம் மேகம்தானே?

நல்ல கேள்வி. மேகம் மூடினால் லேண்ட்சாட்டுக்குக் கண் தெரியாது. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தின் 'ராட்' எச்சரிக்கை அதை வைத்து 10 மீட்டர் அளவில் வருகிறது.

பழைய கைபேசியை மரத்தில் கட்டுகிறார்களாமே?

ஆம். ரெயின்ஃபாரஸ்ட் கனெக்ஷன் அமைப்பு பிரேசிலின் டெம்பே மக்களோடு அதைச் செய்தது. சூரியத் தகடு வைத்த கைபேசி மரம் அறுக்கும் ரம்பத்தின் ஓசையைக் கேட்டுத் தகவல் அனுப்பும். கைபேசி சிக்னல் எட்டாத இடத்தில் இது எடுபடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை: கருவி கட்டிய இடத்தையோ காவலர் முகத்தையோ பொதுவில் போடாதீர்கள். பிரேசிலின் ரோண்டோனியாவில் உரு-எவ்-வாவ்-வாவ் பழங்குடியின் காவல்குழுவில் இருந்த அரி 2020 ஏப்ரலில் கொல்லப்பட்டார்.

லொரெத்தோ ஆய்வில் முதல் ஆண்டு காட்டிழப்பு 52 சதவீதம் குறைந்தது, அடுத்த ஆண்டு 21தான். இது தோல்விதானே?

இதையே ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். சரி, உட்காருவோம். 76 ஊர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஏறக்குறைய பாதி ஊர்களுக்கு மட்டும் மேலே சொன்ன பென்டிரைவ் ஏற்பாடு. முடிவு 2021இல் வெளியானது. இரண்டாம் ஆண்டுப் பலன் வலுக் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் குறைந்ததில் பெரும்பங்கு ஆபத்து அதிகமிருந்த ஊர்களில். வெட்டே நடக்காத ஊரில் கருவி எதைக் குறைக்கும்? சராசரியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

(அந்த ஐவரில் ஒரு நண்பர்) காவலர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலை செய்தது பணம்தான், கைபேசி அல்ல. பட்டா கொடுத்தால் போதாதா?

சம்பளமும் சேர்ந்ததுதான் ஏற்பாடு. காட்டில் நாள் முழுக்க நடப்பவர் சும்மா நடக்க வேண்டுமா? பட்டா அவசியம். ஆனால் நேற்று யார் வெட்டினார் என்பதைப் பட்டா சொல்லாது. எக்வடோரின் சினாங்கோயே கோஃபான் மக்களைப் பாருங்கள். காட்டில் கேமரா வைத்து, ட்ரோன் பறக்கவிட்டு, அக்வாரிகோ ஆற்றங்கரையில் தங்கம் தோண்டுவதைப் பதிவு செய்தார்கள். அந்த ஆதாரத்தோடு நீதிமன்றம் போனார்கள். மக்களைக் கேட்காமல் தந்த, தரவிருந்த 52 சுரங்க உரிமங்கள் 2018இல் ரத்தாயின.

அப்போ ட்ரோன் முக்கியம்தானே, எது வாங்கலாம்?

மேலே பாருங்கள், ஐயா.

நம் மலைக் கிராமங்களுக்கு இது சரிவருமா?

2006 வன உரிமைச் சட்டமும் கிராம சபையும் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள். சமூக வன உரிமைக்கு எல்லை வரைய ஜிபிஎஸ் பயன்படுகிறது. அதற்கு மேல் நான் வாய் திறந்தால் உளறல்.

(அதே நண்பர்) சம்பளம் நின்றால் காவலும் நிற்காதா?

நிற்கலாம். வனத்துறைக்குச் சம்பளம் நிறுத்திப் பாருங்கள், அதுவும் நிற்கும்.