தாதியர் வேலை, டாக்டர் சொல்வதைச் செய்யும் எடுபிடி வேலையா?

கேள்வி இதுதான்: தங்கை எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவப் பள்ளித் தேர்வு) முடித்துவிட்டுத் தாதியர் படிப்புக்குப் போக நினைக்கிறாள். வீட்டில் பெரியப்பா, "டாக்டர் சொல்றதச் செய்யுற எடுபிடி வேலைக்கு எதுக்கு மூணு வருசம் டிப்ளோமா, நாலு வருசம் டிகிரி?" என்கிறார். இந்த வேலை ஒரு தொழிலாக வளர்ந்தது எப்படி? அதற்கென்று சொந்த அதிகாரம் ஏதும் உண்டா?

பெரியப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் பார்த்து வளர்ந்த மிஸ்ஸிமார்கள் (தாதியரை அப்படித்தான் கூப்பிடுவோம்), பெரிய டாக்டர் வார்டுக்குள் நுழைந்தால் எழுந்து நின்று, ஃபைலைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தவர்கள். அதைப் பார்த்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? நான் பினாங்கில் பல வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மாணவிகளுக்கு வார்டிலேயே பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பவள். இது எடுபிடி வேலை இல்லை என்பதற்கு நான் சொல்லும் காரணம், மே 12 தாதியர் தினத்தன்று மேடையில் சொல்வார்களே, "வெள்ளை உடைத் தேவதைகள்", அது இல்லை. தேவதைக்கு எதற்குச் சம்பள உயர்வு என்று அடுத்த மூச்சிலேயே கேட்டுவிடுவார்கள். தாதி பார்த்ததைத் தன் பெயரில் எழுதவும், எழுதியதற்குத் தானே பதில் சொல்லவும் தொடங்கிய பிறகுதான் இது தொழிலானது. என் கட்சி அதுதான்.

நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் அவர் கையிலிருந்த விளக்கைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அவருடைய கணக்குத்தான் பெரிது. கிரிமியப் போர் நடந்தபோது, 1854 கடைசியில், துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்குத் தாதியரை அழைத்துக்கொண்டு போனார். அங்கே குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கு, காலரா, டைபஸ் காய்ச்சலில் செத்தவர்களே அதிகம். அவர் போய்ச் சேர்ந்ததும் சாவு குறைந்தது என்று பாடப்புத்தகம் எழுதும். உண்மையில் அந்தக் குளிர்காலத்தில் சாவு கூடியது. 1855 பிப்ரவரியில் 100 நோயாளிகளுக்குச் சுமார் 42 பேர் என்ற கணக்கில் இறந்தார்கள். மார்ச்சில் பிரிட்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு, கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைக் கழுவி விட்டு, காற்று வர வழி செய்த பிறகே எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. ஊருக்குத் திரும்பிய நைட்டிங்கேல் அத்தனை எண்களையும் உட்கார்ந்து கூட்டிக் கழித்து, வட்ட வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன்னால் வைத்தார். லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை 1858 இல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அங்கே இடம் பிடித்த முதல் பெண் அவர்தான். 1860 இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி வந்தது. படித்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது என்ற எண்ணம் ஊன்றியது அங்கேதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாதியருக்குத் தேர்வு வைத்து அரசாங்கப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று எதிர்த்தவரும் அவர்தான். நல்ல குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1901 இல் நியூசிலாந்து முதலில் தாதியருக்கென்று தனிப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டனுக்கு அந்தச் சட்டம் வர 1919 ஆகிவிட்டது.

சரி, நம்ம பக்கம். நீரிணைக் குடியேற்றங்களில், அதாவது பிரிட்டன் ஆண்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில், முறையான தாதியர் பணி என்றால் 1885 ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் வேலையைத் தொடங்கினார்கள். அதனால்தான் அங்கே இன்றும் ஆகஸ்ட் 1 தாதியர் தினம். பினாங்கு லைட் ஸ்திரீட் கான்வெண்டை 1852 இல் தொடங்கிய அதே சபையைச் சேர்ந்தவர்கள்தான் அவர்களும். அப்புறம் 1896 இல் லண்டனில் காலனித்துவத் தாதியர் சங்கம் உருவாகி, பயிற்சி பெற்ற ஆங்கிலேயப் பெண்களைக் காலனி நாடுகளுக்கெல்லாம் அனுப்பியது.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் எட்டாத உலகம். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களுக்குப் பினாங்கில் முதலில் கிடைத்த வைத்தியம் ஜெரெஜாக் தீவில் நோய் பரவாமல் தனிமைப்படுத்தி வைக்கும் முகாம். அங்கிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனால் ஒரு டிரசர், அதாவது காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுப்பவர். மலேரியா ஆட்டிப்படைத்த காலத்தில் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடம்) வரிசையாக நிற்க வைத்து, கொய்னா மாத்திரையைக் கண் முன்னால் விழுங்க வைத்தவர் அவர்தான். பிள்ளைப்பேற்றுக்குத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலேயே ஒரு மருத்துவச்சி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா கொட்டகையில் ஓர் ஆயா. தாதி செய்யும் வேலையை ஆளுக்குக் கொஞ்சமாக இந்த மூன்று பேரும் செய்துகொண்டிருந்தார்கள். டிரசர் ஆண், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். அவர் பிறகு ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட் ஆனார், 1965 இல் தோட்ட ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்டுகளுக்கென்று ஒரு பதிவுச் சட்டமே வந்தது. மருத்துவச்சியும் ஆயாவும் எந்த ஏட்டிலும் ஏறாமலே போய்ச் சேர்ந்தார்கள். நம் குடும்பங்களில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவர்கள் அவர்கள்தான்.

அன்றைய மருத்துவமனைத் தாதியர் பள்ளிக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும். தோட்டத் தமிழ்ப் பள்ளியோ ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். அதனால் முதலில் உள்ளே நுழைந்தவர்கள் டவுனில் படித்த சீனப் பெண்கள், யூரேசியர், யாழ்ப்பாணத்தார், மலையாளிகள். தோட்டத்துப் பிள்ளைகள் பின்னால்தான் வந்தார்கள். வந்தபோதும் "ராத்திரி டியூட்டிக்குப் போற பொண்ண எவன் கட்டுவான்" என்ற பேச்சு இருந்தது. அதே வாய்கள் பிறகு "கவர்மெண்ட் மிஸ்ஸி, வீட்டுக் கடன் ஈஸியா கிடைக்கும்" என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

சைபில் கார்த்திகேசு பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1899 இல் மேடானில் பிறந்த யூரேசியர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். கணவர் டாக்டர் கார்த்திகேசு, இலங்கைத் தமிழர். ஈப்போவில் இருவருமாகக் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தபோது ஜப்பான்காரன் வந்துவிட்டான். பாப்பான் என்ற சிற்றூருக்குப் போய், காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினருக்கு இரகசியமாக மருந்தும் சிகிச்சையும் கொடுத்தார். 1943 இல் ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்த சித்திரவதையில் அடைந்த காயங்களே 1948 இல் அவர் உயிரைப் பறித்தன. பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. எடுபிடி என்று சொல்லும் பெரியப்பாவிடம் இந்த அம்மாவைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.

போர் முடிந்து சில ஆண்டுகளில், 1950 இல், தாதியர் சட்டம் வந்தது. நம் நாட்டில் எல்லாவற்றையும் மாற்றியது அதுதான் என்பேன். பதிவு பெறாதவர் பதிவு பெற்ற தாதி என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. மலேசியத் தாதியர் வாரியம் பதிவேட்டை வைத்திருக்கிறது. அதில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, வருடாவருடம் பணி உரிமச் சான்றிதழையும் புதுப்பிக்க வேண்டும். ஒழுங்கு தவறினால் பெயரை நீக்கும் அதிகாரமும் உண்டு. மருத்துவச்சிகளுக்கு 1966 இல் தனிச் சட்டம் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பெயர் போனால் போவது தாதியின் பெயர். "டாக்டர் எழுதினார், நான் கொடுத்தேன்" என்று அங்கே போய்க் கைகட்டி நின்று தப்பிக்க முடியாது.

இது வார்டில் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். மார்ஃபின், பெத்திடின், ஃபெண்டனில் மாதிரி மருந்துகள் 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருபவை. அவற்றுக்குத் தனி அலமாரி. சாவி அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான தாதியின் பாக்கெட்டில்; டாக்டரிடம் இருக்காது. ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று ஆம்பூல்களை (ஊசி மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பிகள்) ஒவ்வொன்றாக எண்ணி, ஏட்டிலுள்ள இருப்போடு சரிபார்த்து, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கைமாறும். ஒன்று குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். 10 மில்லிகிராம் ஆம்பூலில் 5 மட்டும் ஊசி போட்டால், மீதி 5 ஐ இன்னொருவர் பார்க்கக் கொட்டி, கொட்டியதையும் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஊசி போட்டதோடு முடியவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த ஒரு பாட்டி என்று வையுங்கள். "தியா போ?" (வலிக்குதா?) என்று ஹொக்கியென் சீன மொழியில் கேட்டால், இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போகிறார். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 இலிருந்து 20 வரை இருக்கலாம். எட்டுத்தான் வருகிறது, தட்டினாலும் கண் திறக்கச் சுணங்குகிறார் என்றால் அது நல்ல தூக்கம் இல்லை. மார்ஃபின் மூச்சை அமுக்குகிறது. சார்ட்டில் அடுத்த டோஸ் எழுதியிருக்கும். அதைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, "கொடுக்கவில்லை, இன்ன காரணம்" என்று எழுதுவது தாதியின் கடமை. அந்த நேரத்தில் டாக்டர் வேறு வார்டில் இருப்பார். பக்கத்தில் இருப்பது அவள் ஒருத்திதான்.

நான் மாணவிகளோடு அதிகமாகச் சண்டை போடுவதும் இந்த மூச்சுக் கணக்குக்காகத்தான். இரத்த அழுத்தத்தை மெஷின் சொல்லிவிடும், நாடியையும் ஆக்சிஜனையும் விரலில் மாட்டிய கிளிப் சொல்லிவிடும். மூச்சை மட்டும் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் 20, 20, 20 என்று எழுதிவிட்டுப் போவார்கள். வார்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறார்களா, இதென்ன பஜனைக் கோஷ்டியா என்று கேட்பேன். சிரிப்பார்கள். அப்புறம் திரும்பப் போய் எண்ண வைப்பேன். மூன்று வருடம் எதற்கு என்று பெரியப்பா கேட்டாரே, எண்ணுவதற்குப் பத்து நிமிடம் போதும். எட்டு என்றால் என்ன அர்த்தம், ஏன், அடுத்து என்ன என்பதற்குத்தான் உடற்கூறும் மருந்தியலும் மற்றதும்.

படிப்பும் அதற்கேற்ப மாறியது. முன்பு மருத்துவமனைப் பள்ளியில் மூன்று வருடப் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ். மாணவி என்று பெயர், வார்டுக்கு மலிவான வேலையாள். 1990களில் அது டிப்ளோமா ஆனது. மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பட்டப்படிப்பும் வந்தது. டிப்ளோமாவுக்கு மேலே தீவிர சிகிச்சை, சிறுநீரகம், பிரசவம், அறுவைச் சிகிச்சை அறை என்று போஸ்ட் பேசிக் படிப்புகள் இருக்கின்றன. டயாலிசிஸ் மையத்துக்குப் போய்ப் பாருங்கள். அன்றாடம் மெஷினையும் ஆளையும் கவனித்து நடத்துவது சிறுநீரகப் பயிற்சி பெற்ற தாதிதான்.

எல்லாம் சுபம் என்று சொல்லவில்லை. 2000களில் தனியார் தாதியர் கல்லூரிகள் காளான் போல முளைத்தன. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனை வாங்கிப் படித்து முடித்த பிள்ளைகள் வேலை கிடைக்காமல் திண்டாடினார்கள்; 2010 வாக்கில் அரசாங்கம் புதிய படிப்புகளுக்குத் தடை போட்டு, சேர்க்கைத் தகுதியையும் உயர்த்த வேண்டியதாயிற்று. இன்று நிலைமை தலைகீழ். ஆள் போதவில்லை, சிங்கப்பூரும் சவூதியும் பிரிட்டனும் கூப்பிடுகின்றன. இந்த நிலையில் 2024 இல் வார்டு தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். பொறுப்பைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, நேரத்திலும் சம்பளத்திலும் மட்டும் எடுபிடி போல நடத்துவது இன்னும் போகவில்லை. பெரியப்பா இந்த விஷயத்தில் கோபப்பட்டால் நானும் அவரோடு சேர்ந்துகொள்வேன்.

தங்கைக்கு: முதலில் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், பினாங்கிலேயே செப்போய் லைன்ஸில் ஒன்று இருக்கிறது. தனியார் என்றால் கட்டடத்தையும் கட்டணத் தள்ளுபடியையும் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் படிப்புக்குத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் இப்போது நடப்பில் இருக்கிறதா, மாணவிகளை வார்டுப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், வாரியத் தேர்வில் போன வருடம் எத்தனை பேர் தேறினார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். டிப்ளோமாவா டிகிரியா என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். கையில் காசு குறைவு என்றால் டிப்ளோமா முடித்து, சம்பாதித்துக்கொண்டே டிகிரி படிக்கலாம், எங்களில் பலர் அப்படித்தான் படித்தோம். அறிவியலில் ஆர்வமிருந்து, பின்னால் பாடம் நடத்தவோ ஆராய்ச்சிக்கோ போக விரும்பினால் நேராக டிகிரிக்குப் போகட்டும். இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமே என்று பயப்படுகிறாளா? அது முதல் மாதத்திலேயே போய்விடும். ராத்திரி டியூட்டித் தூக்கம்தான் கடைசி வரைக்கும் பழகாது.