மறைவுத் தடங்களை கணினி இல்லாமல் தானியங்கி ஆக்க முடியுமா?

டிசிசி (டிஜிட்டல் சிக்னலால் ஓட்டும்) மாடல் ரயில் லேஅவுட்டில் மலைக்கு அடியில் நான்கு தடங்கள், கணினி வேண்டாம், ரயில்கள் தானாக நின்று மாற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஜெர்மன்காரர்கள் 'ஷாட்டன்பான்ஹோஃப்', அதாவது நிழல் நிலையம் என்று சொல்வது இதைத்தான்.

நிறுத்துவதற்கு எனக்குப் பிடித்தது லென்ஸ் (Lenz) நிறுவனத்தின் ஏபிசி என்ற தானியங்கி பிரேக் முறை. தடத்தின் கடைசிப் பகுதியில் ஒரு தண்டவாளத்தை இருபுறமும் வெட்டித் தனியாக்குங்கள். அதற்கு வரும் மின்சாரத்தை வரிசையாக நான்கைந்து டையோடுகள் வழியாகவும், அவற்றுக்கு இணையாக எதிர்த்திசையில் ஒரே டையோடு வழியாகவும் கொடுங்கள். சிக்னலின் இரண்டு பாதிகளும் சமமில்லாமல் போகும். எஞ்சினுக்குள் சிக்னலைப் படிக்கும் சிப்பான டிகோடர் அதை உணர்ந்து மெதுவாக பிரேக் போடும். பல டிகோடர்களில் சிவி 27 என்ற அமைப்பு எண்ணில் இதை இயக்கி வைக்க வேண்டும், டிகோடரிலும் அந்த வசதி இருக்க வேண்டும். புறப்பட வைக்க, டையோடுகளை ஒரு ரிலேயால் ஷார்ட் செய்தால் போதும்.

அப்புறம் தடம் காலியா என்று அறிய கரன்ட் சென்சார். இங்கேதான் நான் அடி வாங்கினேன். எஞ்சின் மின்சாரம் இழுக்கும், சாதாரண வேகன் இழுக்காது. இணைப்பு விட்டுப்போன ஒரு வேகன் இருட்டில் நின்றுவிட, அடுத்த ரயில் போய் மோதியது. இப்போது எல்லாக் கடைசி வேகனின் அச்சிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒட்டியிருக்கிறேன். 15 வோல்ட்டில் 1.5 மில்லிஆம்பியர், என் சென்சாருக்கு அது போதும்.

தர்க்கம் எளிது: ஒரு ரயில் உள்ளே வந்து முழுதாக நின்ற பிறகே அடுத்த தடத்து ரிலே இயங்க வேண்டும். சரி, மேலே கை நுழைய இடம் விட்டீர்களா?